பழைய பதிவைத் திறந்து பாருங்கள்

"அக்கா, உங்க பதிவைப் படிச்சுதான் கறிவேப்பிலைச் செடி வச்சேன். நீங்க சொன்ன மாதிரியே தினமும் காலையில தண்ணி ஊத்தினேன். இப்ப இலை எல்லாம் கொட்டிப்போச்சு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தா வேர் அழுகியிருக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்?"

2019 ஜனவரியில் டொராண்டோவிலிருந்து வந்த பின்னூட்டம் இது. அவர் படித்தது 2011 மே மாதம் நான் எழுதிய பதிவு. அப்போது கத்திரி வெயில். சென்னையில் என் வீட்டு மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் தொட்டிச் செடி மாலைக்குள் துவண்டுவிடும். அதை மனதில் வைத்துத்தான் 'தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள்' என்று எழுதினேன். ஊரையும் குறிப்பிடவில்லை, மாதத்தையும் குறிப்பிடவில்லை. எட்டு வருடம் கழித்து, வெளியே பனி கொட்டும் ஊரில், ஜன்னலோரத்து அரை வெளிச்சத்தில் நின்றிருந்த ஒரு செடிக்கு அந்த அறிவுரை போய்ச் சேர்ந்தது. குளிர்காலத்தில் கறிவேப்பிலை வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். மண் காயாமல் ஈரம் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும், பிறகு அழுகும். அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. தப்பு என் பதிவில் இருந்தது.

அவருக்குப் பதில் எழுதிவிட்டு அன்றிரவே என் பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். 2008-லிருந்து எழுதியவை, நானூறுக்கும் மேல். இவற்றில் இன்னும் எத்தனை, எந்த ஊரில், யாருடைய செடியைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்தபிறகு தூக்கம் வரவில்லை.

வலைப்பதிவை எப்படி வளர்ப்பது என்று கேட்டு எனக்கு அடிக்கடி மடல் வரும். வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும், காலையில் போடலாமா ராத்திரியா, எத்தனை சொல் இருக்க வேண்டும், எப்போது காசு வரும். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புதிதாக எழுதுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பழையதைத் திறந்து படியுங்கள். நேற்றைய நாளிதழ் இன்று பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். பதிவு போகாது. நாம் மறந்தே போன ஒரு பதிவை இன்று காலை யாரோ ஒருவர் முதல்முறையாகப் படிக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது இன்று எழுதியதுதான். அதை நம்பிச் செலவு செய்கிறார், மருந்து அடிக்கிறார், பிள்ளைக்குக் கொடுக்கிறார்.

திரட்டிக் காலம்

என்னைப் போன்றவர்களுக்கு இது புரியத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. தமிழில் வலைப்பதிவுகள் 2003-ல் தொடங்கின. ஒருங்குறியில் தட்டச்சு செய்வதே அப்போது தனி வித்தை. பாதிக் கணினிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். எங்கெங்கோ சிதறிக் கிடந்த பதிவுகள் ஒரே பக்கத்தில் வந்து விழுந்தன. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக உட்கார வைத்தார்கள். மதுரையிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதினார்கள். இல்லத்தரசிகளும் வங்கி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், எந்தப் பத்திரிகை அலுவலகத்தின் வாசலிலும் காத்திருக்காமல் எழுதினார்கள். அந்த உற்சாகத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் முதல் வாசகர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள்.

ஆனால் அந்தக் காலம் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. திரட்டியின் முகப்பில் நம் பதிவு கொஞ்ச நேரம்தான் நிற்கும். அடுத்தடுத்து வரும் பதிவுகள் அதைக் கீழே தள்ளிவிடும். எனவே அடிக்கடி எழுதினோம், சண்டை இழுக்கும் தலைப்பு வைத்தோம். ஒருவர் பதிவில் இன்னொருவர் போய்ப் பின்னூட்டக் கும்மி அடித்தோம். சரக்கு தீர்ந்தபோது மீள்பதிவு போட்டோம். எழுதியவர்களும் நாங்கள்தான், படித்தவர்களும் பெரும்பாலும் நாங்கள்தான். பிறகு ஃபேஸ்புக் வந்து அந்த அரட்டையை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடரை மூடினார்கள். பிடித்த பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துப் படித்துவந்தவர்களும் கலைந்துபோனார்கள். 'இனி அடிக்கடி எழுதுவேன்' என்ற கடைசிப் பதிவோடு அப்படியே நிற்கும் வலைப்பூக்களை இன்றும் பார்க்கலாம்.

தாக்குப்பிடித்தவை இரண்டு வகை. ஒன்று, தேடுபொறி வழியாக ஒரு கேள்வியோடு வரும் முன்பின் தெரியாதவருக்குப் பதில் வைத்திருந்தவை: சமையல், சட்டம், கணினி, தேர்வு, தோட்டம். மற்றொன்று, ஒரு குரலைக் கேட்பதற்காகவே வாசகர்கள் திரும்பத் திரும்ப வந்தவை.

இரண்டாவது வகைக்குத் தமிழில் ஜெயமோகனின் தளத்தைவிடப் பெரிய சான்று இல்லை. மகாபாரதத்தை நாவல் வரிசையாக மறுபடி எழுதும் 'வெண்முரசு'வை 2014 ஜனவரி 1 அன்று தன் இணையதளத்தில் தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம். 2020 ஜூலையில் நிறைவுற்றபோது 26 நாவல்கள் ஆகியிருந்தன. விடிந்ததும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மறுவேலை பார்த்தவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அதைப் பார்த்துத் தாங்களும் தினமும் எழுதப்போவதாகக் கிளம்பிய சிலரையும் எனக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தில் நின்றுபோனார்கள். அங்கே தினமும் வந்தது ஒரு பெரிய கட்டடத்தின் அடுத்த கல். கட்டடம் என்னவென்று எழுதுகிறவருக்குத் தெரியும். நாளைக்கு என்ன எழுதுவது என்றே தெரியாமல் தினமும் எழுதுவேன் என்று சபதம் எடுப்பது, உலையை வைத்துவிட்டு அரிசி தேடுவதைப் போல. கடைசியில் நாளிதழில் வந்ததை மாற்றி எழுதிப் பதிவாகப் போடத் தொடங்குவோம். வாசகருக்கு அது இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

முதல் வகைக்கு ஆக்ராவிலிருந்து எழுதும் அமித் அகர்வாலைச் சொல்வேன். ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்தவர். வேலையை விட்டுவிட்டு 2004-ல் 'டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்' என்ற ஆங்கில வலைப்பதிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முழுநேரப் பதிவர் என்று பலரும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அவர் எழுதுவது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மாட்டிக்கொண்டு முழிக்கும் சின்னச் சின்னச் சிக்கல்களைப் பற்றி. ஒரே மின்னஞ்சலை நூறு பேருக்கு அவரவர் பெயர் போட்டு அனுப்புவது எப்படி என்பது மாதிரி. எழுதுவதோடு நிற்காமல், அதைச் செய்துகொடுக்கும் சிறு மென்பொருள் கருவிகளையும் அவரே உருவாக்கி வழங்குகிறார். பதிவைப் படித்து நம்பிக்கை வந்தவர் கருவியை வாங்குகிறார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது சிக்கலைச் சின்னதாகப் பிடிப்பது. 'தோட்டக்கலை' என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனமில்லை. 'கறிவேப்பிலை ஏன் ஒரே உயரத்தில் நிற்கிறது' என்று எழுதினால் ஒருவருக்காவது உதவும்.

ஒரு பதிவைப் பழுது பார்த்தபோது

அந்தக் கறிவேப்பிலைப் பதிவையே எடுத்துக்கொள்கிறேன். 2011-ல் அது இப்படித் தொடங்கியது:

"கறிவேப்பிலை நமது சமையலில் இன்றியமையாத இடத்தைப் பிடித்துள்ளது. இதில் பல்வேறு மருத்துவ குணங்கள் நிறைந்துள்ளன. இந்தப் பதிவில் கறிவேப்பிலை வளர்ப்பது எப்படி என்று பார்க்கலாம், வாருங்கள்."

மூன்று வாக்கியம். வாசகருக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை. அவர் வாடிய செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் மண்ணோடு, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கறிவேப்பிலைக்குச் சமையலில் இடம் உண்டு என்பதை அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இன்றும் இப்படித்தான் தொடங்குகின்றன. இந்த மாதிரித் தொடக்கத்தை வெட்டினாலே பதிவு பாதி தேறிவிடும்.

இப்போது அது இப்படி இருக்கிறது:

"உங்கள் கறிவேப்பிலைச் செடி ஒரு வருடமாக ஒரே உயரத்தில் நிற்கிறதா? முதல் இரண்டு வருடம் அது மெதுவாகத்தான் வளரும், பயப்பட வேண்டாம். நுனியை ஒரு விரற்கடை கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். நான் சென்னையில், முழு வெயில் படும் மாடியில், 20 லிட்டர் பெயின்ட் வாளியில் வளர்க்கிறேன். குளிர் ஊரில் இருப்பவர்கள் நேராகக் கீழே 'பனிக்காலம்' பகுதிக்குப் போங்கள்."

ஊர், வெயில், வாளியின் அளவு மூன்றும் வந்துவிட்டன. தன் நிலைமைக்கு இது பொருந்துமா என்று வாசகர் முதல் பத்தியிலேயே முடிவு செய்துகொள்ளலாம். தண்ணீர் பற்றிய வரியை 'தினமும்' என்பதிலிருந்து 'மேல் மண்ணில் ஒரு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்' என்று மாற்றினேன். அது டொராண்டோவுக்கும் பொருந்தும், தூத்துக்குடிக்கும் பொருந்தும்.

அடுத்து மோர். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருந்தேன். அம்மா சொன்னது, அவர் அம்மா சொன்னது. பழுது பார்க்க உட்கார்ந்தபோதுதான் அதை நான் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை என்பது உறைத்தது. ஒரே வயதுள்ள இரண்டு செடிகளை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் வாரம் ஒரு டம்ளர் மோர் ஆறு மாதம் ஊற்றினேன். என் மாடியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இறுகிப்போன மண்ணை மாற்றி மண்புழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து வைத்தபோது இரண்டுமே தழைத்தன. அதை அப்படியே எழுதினேன், இரண்டு வாளிகளின் படத்தோடு. பதிவிலேயே வாசகர்கள் அதிகம் பேசுவது அந்தப் பகுதியைப் பற்றித்தான். 'எங்க வீட்டுல மோர்தான் வேலை செஞ்சது' என்று மறுத்து எழுதுகிறவர்களும் உண்டு. அவற்றையும் வைத்திருக்கிறேன். இரண்டு செடியை வைத்து நான் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

பிறகு தேடல். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் தொழில்முறையாக எழுத நினைக்கும் எவரும் தவிர்க்கவே கூடாது. என்ன சொற்களைத் தட்டி மக்கள் நம் பக்கத்தைக் கண்டார்கள், எத்தனை முறை கண்டும் உள்ளே வராமல் போனார்கள் என்பதைப் பதினாறு மாதங்களுக்குப் பின்னோக்கிக் காட்டும். அதில் எனக்கு முதல் அதிர்ச்சி எழுத்தில். நான் ஒழுங்காகக் 'கறிவேப்பிலை' என்று எழுதியிருந்தேன். தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் தட்டியது 'கருவேப்பிலை'. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். பிழையான வடிவத்தைத் தலைப்பில் வைக்க மனம் ஒப்பவில்லை. பதிவின் உள்ளே 'பலர் கருவேப்பிலை என்றும் எழுதுகிறார்கள், கறிக்குப் போடும் வேப்பிலை போன்ற இலை என்பதால் கறிவேப்பிலை' என்று ஒரு வரி சேர்த்தேன். தேடுகிறவருக்கும் வழி கிடைத்தது, மொழிக்கும் குறை வரவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி ஒரு கேள்வி. 'கருவேப்பிலை செடியில் பறவை எச்சம் மாதிரி புழு' என்று தேடி என் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வந்து பார்த்து ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். சின்ன வயதில் பறவை எச்சம் போலவே இருக்கும், எதிரியை ஏமாற்றத்தான். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். இலையைத் தின்னும், கையால் எடுத்து வேறு எலுமிச்சைச் செடியில் விட்டுவிடலாம். இதைத் தனிப் பதிவாக எழுதிப் பழைய பதிவிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். ஒரு புழு முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகும் வரை படமெடுக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. நான் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த பதிவு அது. அது என் தலையில் உதித்ததல்ல, பழைய பதிவின் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப்போனவர்கள் கொடுத்தது.

இன்னொரு சின்ன விஷயம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமானது. பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறிவிடும். முகவரியில் ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். 'தோசை' என்ற இரண்டெழுத்துச் சொல் நான்கு குறியீடு, ஆக முப்பத்தாறு எழுத்து. நீளமான தலைப்பென்றால் அரைப் பக்கத்துக்குக் குப்பை மாதிரி நிற்கும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார். முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தலைப்பை நல்ல தமிழில் எழுதுவதே இப்போதைக்கு நல்லது.

பட்டியலின் நடுவில்தான் அது கிடந்தது. 2012-ல் எழுதிய செம்பருத்தி மாவுப்பூச்சிப் பதிவு. கடைக்காரர் சொன்னதை நம்பி டைக்குளோர்வாஸ் தெளிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணையில் அந்த மருந்தும் இருந்தது. 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு முழுத் தடை. ஆணை வந்து மாதங்கள் கடந்தும் என் பக்கம் அதைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தது. குழந்தைகள் விளையாடும் மாடிகளில் யார் யார் தெளித்தார்களோ. அந்தப் பதிவை அழிக்கவில்லை. அழித்தால் முன்பே படித்தவருக்குச் சேதி போய்ச் சேராது. மேலே சிவப்புக் கட்டத்தில் தேதி போட்டு, முன்பு என்ன எழுதியிருந்தேன், அது ஏன் தவறு என்று எழுதினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலை வேளையில் தெளியுங்கள் என்று மாற்றுவழியும் கொடுத்தேன். திருத்தத்தை ஓசைப்படாமல் செய்துவிடுவது நம் பெயரைக் காப்பாற்றும், ஆனால் முன்பே படித்துவிட்டுப் போனவரை அது எட்டாது.

காசு

கேட்கத் தயங்குகிற, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது. தமிழ்ப் பக்கங்களை அது அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். பதினைந்து வருடம் தமிழ்ப் பதிவர்கள் கைக்காசைப் போட்டு எழுதினார்கள் என்று இதற்கு அர்த்தம். கணக்கில் 10 டாலர் சேர்ந்தால், நம் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலரைத் தொட்டால் வங்கிக்குப் பணம் வரும். தபால்காரர் அந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்த மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது. பத்து வருட எழுத்துக்கு வெளியுலகம் போட்ட முதல் முத்திரை அது.

ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பித் தமிழில் வீடு நடத்த முடியும் என்று யாருக்கும் நான் ஆசை காட்ட மாட்டேன். விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஆங்கிலப் பக்கத்தில், அமெரிக்க வாசகருக்காக, காப்பீட்டு நிறுவனமும் மென்பொருள் நிறுவனமும் போட்டி போட்டுக் கேட்கின்றன. தமிழ்ப் பக்கத்துக்கு அந்தப் போட்டி குறைவு, விலையும் குறைவு. அதை ஈடுகட்ட ஒரே பக்கத்தில் ஏழெட்டு விளம்பரம் வைக்கத் தோன்றும். நானும் வைத்துப் பார்த்தேன். கைபேசியில் வாசகர் ஒரு வரியைத் தொடப்போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் திறந்து எழுத்தை எல்லாம் கீழே தள்ளும், விரல் விளம்பரத்தில் படும். கிராமத்தில் சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் திறக்கவே நேரமாகும். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளே வைத்திருக்கும் அளவுகோல். ஒரு நாள் என் பதிவை என் மாமியாரின் பழைய கைபேசியில் திறந்து பார்த்தேன். அன்றே இரண்டை விட்டுவிட்டு மற்ற விளம்பரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அடுத்தது நிறுவனங்கள். பதிவுக்குக் கொஞ்சம் பெயர் வந்ததும் மடல்கள் வரும். ஒரு உர நிறுவனம் நல்ல தொகை தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, அது விளம்பரம் என்று குறிப்பிடக் கூடாது. மறுத்துவிட்டேன். அப்போது எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது, மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது விதிகளே தெளிவாக இருக்கின்றன. இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தனியே வழிகாட்டி வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வாசகர் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும். மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழில் எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வாசகர் பார்க்கிறார்.

பிறகு என்னதான் சோறு போடுகிறது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள், நானே சேகரித்த நாட்டு விதைகள், ஒரு மின்னூல். மூன்றுக்கும் ஆட்கள் பதிவிலிருந்துதான் வருகிறார்கள். பதிவைக் காசாக்குவது என்பதைவிட, பதிவால் கிடைத்த நம்பிக்கையை வைத்து வேறொன்றைக் கண்ணியமாகச் செய்வது என்று சொல்வதே சரி. வாசகரிடம் நேராகக் கேட்டு வாழ்ந்துகாட்டியவர்களும் உண்டு. நியூயார்க்கில் வாழும் பல்கேரியாக்காரர் மரியா போபோவா 2006-ல் ஏழு நண்பர்களுக்கு அனுப்பிய வாராந்தர மடலாகத் தன் எழுத்தைத் தொடங்கினார். அது 'பிரெய்ன் பிக்கிங்ஸ்' என்ற தளமாக வளர்ந்தது. 2021-ல் 'தி மார்ஜினேலியன்' என்று பெயர் மாற்றினார். விளம்பரம் கிடையாது, வாசகர்களின் நன்கொடையில் நடக்கிறது. தமிழில் இதற்கு வழி இல்லை என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நன்றாகக் கேட்டவர்களை நாம் இன்னும் அதிகம் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சொந்த வீடு

2017-ல் ஒரு காலையில் என் பதிவுகளில் பாதிப் படங்கள் காணாமல் போயின. படங்களை ஒரு இலவசச் சேவையில் ஏற்றி, அங்கிருந்து இணைப்புக் கொடுத்திருந்தேன். அவர்கள் விதியை மாற்றினார்கள். படம் இருந்த இடத்திலெல்லாம் சாம்பல் நிறக் கட்டம். ஒன்பது வருடப் படங்களில் என் கணினியில் நகல் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்குத்தான். முதன்முதலாகக் காய்த்த வெண்டையின் படம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதிலிருந்து சொந்தப் பெயரில் தளம், மாதம் ஒருமுறை முழு நகல், ஒன்று கணினியில், ஒன்று வெளியே வன்தட்டில். இதற்கு வருடத்துக்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் இரண்டு தடவை ஓட்டலுக்குப் போய்வரும் செலவு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதலாம், எழுத வேண்டும், ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அவை திண்ணை. பாயைச் சுருட்டு என்று எப்போது வேண்டுமானாலும் சொல்வார்கள். வாசகரின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வதை முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். நான் பத்து வருடம் பிந்தித் தொடங்கினேன்.

கை பட்டது

இப்போது புதிய கவலை. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடலின் உச்சியில் இயந்திரம் எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கினார்கள். பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் நம் பக்கத்துக்கு ஏன் வருவார்கள்? 'கறிவேப்பிலையின் பத்து நன்மைகள்' வகைப் பதிவுகளுக்கு இனி வேலை இல்லை என்றே நினைக்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. அவை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. யார் மாடியிலும் விளையாதவை.

2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. எழுதியவர் அந்தப் பொருளைத் தானே கையாண்டிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. நம் பாட்டிமார் இதைத் தேடுபொறிக்கு வெகுகாலம் முன்பே கேட்டார்கள்: 'நீ செஞ்சு பாத்தியா?' இரண்டு வாளிகளையும் ஆறு மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எழுதும் வரியை இயந்திரம் பிறகு எடுத்துச் சுருக்கலாம். அந்த ஆறு மாதத்தை அது கழிக்க முடியாது.

போன வாரம் குவைத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, 15 லிட்டர் பெயின்ட் வாளியில முருங்கை காய்க்குமா? இங்க பால்கனியில அவ்வளவுதான் இடம்." முருங்கையின் ஆணிவேர் ஆழமாகப் போகும். காய்க்காது என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் நான் 15 லிட்டர் வாளியில் வைத்துப் பார்த்ததில்லை. கீரைக்காக மட்டும் அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவருக்குப் பதில் போட்டுவிட்டு, அன்று சாயங்காலம் இரண்டு வாளிகளில் இரண்டிரண்டு விதை ஊன்றினேன். ஒன்றில் மாடி மண், மற்றொன்றில் பாதி நார்க்கழிவு. ஒன்பது நாளாகிறது. நார்க்கழிவு வாளியில் ஒன்று தலை தூக்கியிருக்கிறது. வாளியின் பக்கத்தில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் காத்திருக்கிறார்.